முத்துராமலிங்கத் தேவரை நாம் எவ்வாறு எடைபோடுவது?

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தபோது, அண்ணல் அம்பேத்கரைப் பற்றியோ, தாத்தா இரட்டைமலை சீனிவாசனைப் பற்றியோ எழுதுவோம் என்றே பலரும் எதிர்பார்த்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தனர், சிலர் அஞ்சினர். "ஐயா, நம் மலரில் அவரைப் பற்றியா?" என்று வினவினர். ஆம், நம் மலரில்தான். நம் மக்களின் வாழ்வில் ஆழமாகப் பதிந்துவிட்ட ஒரு தலைவரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றை மட்டும் படித்துவிட்டு, நாம் வாய்மூடி இருப்பதும் ஒருவகைத் தீண்டாமையே ஆகும். நமக்கு நாமே விதித்துக்கொண்ட தீண்டாமை.

மற்றொரு காரணமும் உண்டு. முத்துராமலிங்கத் தேவர் கமுதியை அடுத்த பசும்பொன்னில் 1908 அக்டோபர் 30இல் பிறந்தவர். ஆயினும் அவர் மாணவராக இருந்த காலத்தில் ஒரு பகுதி நம் நாகமலைக்கு அண்மையிலுள்ள பசுமலைப் பள்ளியில் கழிந்தது. அவர் உயிர் பிரிந்ததும், தம் பிறந்த நாளாகிய அதே அக்டோபர் 30ஆம் நாளில், 1963ஆம் ஆண்டு, திருநகரில்தான். நம் ஊரிலிருந்து பார்த்தால் இரண்டும் சில மைல் தொலைவே. ஆகவே இது எங்கோ இராமநாதபுரத்துக் கரிசலில் நடந்த கதை என்று ஒதுக்கிவிட நமக்கு இயலாது.

முதலில் அவருடைய முற்பகுதி வாழ்வை நேர்மையோடு பார்ப்போம். நம் இளைஞர்களுள் பெரும்பாலோர் அறியாத பகுதி இது.

ஒரு குலத்தில் பிறந்த காரணத்தாலேயே ஒருவன் குற்றவாளி என்று கூறிய சட்டம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் சொல்கிறோம். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்று அழைத்தனர். பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ, கச்சேரியிலோ சென்று படுக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். நம் நாகமலைத் தொடரின் அருகிலேயே உள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் இச்சட்டத்தின்கீழ்த் தொடக்கத்திலேயே கொண்டுவரப்பட்டவர்களுள் அடங்குவர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டனர். மாயாக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். பின்னர் அச்சட்டம் கமுதிப் பகுதி ஆப்பநாட்டு மறவர்மீதும் பாய்ந்தபோது, இளைஞராக இருந்த தேவர் ஊர் ஊராகச் சென்று அதனை எதிர்த்தார். 1934இல் அபிராமத்தில் மாநாடு கூட்டினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்படும் வரையில் அவர் குரல் ஓயவில்லை.

பிறப்பால் இழிவு சுமத்தப்படுவது எத்தகையது என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே ரேகைச் சட்டத்தை எதிர்த்த போராட்டத்தை மதிக்க நம்மைவிடத் தகுதியுடையோர் யார்? கல்வித் துறையில் இருப்போர் இன்னுமொன்றையும் அறிவர். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எனப்படுபவையும் ஏறத்தாழ ஒரே காலத்தில், வெள்ளையர் ஆட்சியின் தொழிலாளர் ஆணையர் துறையின் நிழலில் வளர்ந்தவையே. ஒரே துறை, ஒரே காலம், ஒரே வகை ஓட்டுக் கட்டடம். இவ்விரு பள்ளிகளின் பிள்ளைகளும் பிற்காலத்தில் ஒருவரையொருவர் எதிரிகளாகப் பார்க்க நேர்ந்தது நம் மாவட்டத்தின் பெருந்துயரம்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் தேவர் காங்கிரசின் சார்பில் நின்று, நீதிக்கட்சியின் சார்பில் நின்ற இராமநாதபுரம் அரசரைத் தோற்கடித்தார். அரசரும் மறவர், தேவரும் மறவர். தம் குலத்து மன்னரையே எதிர்த்து நின்ற துணிவை அன்று நாடே வியந்தது. மதுரையின் பஞ்சாலைத் தொழிலாளர் இயக்கத்திலும் அவர் ஈடுபட்டார், சிறை சென்றார். ஆலையின் தறிமுன் நின்றவர்களுள் எல்லாச் சாதியாரும் இருந்தனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் நம் மக்களையும் நாடார் குலத்தவர் ஒருவரையும் அழைத்துச் சென்றார். எல்.என். கோபாலசாமி உடன் சென்றார். உள்ளே சென்ற நம்மவர்களுள் மேலூரை அடுத்த தும்பைப்பட்டி பி. கக்கனும் ஒருவர். வருணாசிரமக் கட்சியினர் அதனைத் தடுக்க முனைந்தபோது, தேவர் ஆலயப் பிரவேசத்திற்கு ஆதரவாக நின்றார் என்றும், தடுக்க வருவோரை எச்சரித்தார் என்றும் அவர்தம் அன்பர்கள் இன்றும் பெருமையோடு கூறுவர். இராஜாஜி அமைச்சரவை அதே ஆண்டில் சட்டமும் இயற்றி அந்நுழைவுக்குப் பாதுகாப்பளித்தது. இதில் பெரும்பங்கு வைத்தியநாத ஐயருடையது; அதனினும் பெரும்பங்கு, உயிருக்கு அஞ்சாது உள்ளே காலெடுத்து வைத்தவர்களுடையது. ஆலயப் பிரவேசத்தைப் பேசுவோர் வெளியே நின்று காத்தவர்களைப் பாடும் அளவுக்கு, உள்ளே சென்றவர்களின் பெயர்களை நினைப்பதில்லை. இதனை நம் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்த பகுதி யாவரும் அறிந்தது, சுருங்கக் கூறுவோம். சுபாஷ் சந்திர போஸ் காங்கிரசிலிருந்து விலகி அமைத்த பார்வர்டு பிளாக்கில் தேவர் இணைந்தார். 1939 செப்டம்பரில் நேதாஜியை மதுரைக்கு அழைத்து வந்தார். போர்க் காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். விடுதலைக்குப் பின் காங்கிரசை விட்டு நீங்கி, 1952இலும் 1957இலும் சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டிற்கும் போட்டியிட்டு இரண்டிலும் வென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் நிலங்களில் ஒரு பகுதியை நம் மக்கள் உள்ளிட்ட உழுவோருக்கு வழங்கினார் என்று அவர் பற்றாளர் எடுத்துரைப்பர். தேசியமும் தெய்வீகமும் அவர் மேடைகளில் இணைந்தே ஒலித்தன. மணிக்கணக்கில் பேசும் ஆற்றலுடையவர் என்பதை அவரை எதிர்த்தோரும் ஒப்புவர்.

இத்தகையவர் முதுகுளத்தூரில் 1957இல் எவ்வாறு நடந்துகொண்டார்? நம் வினா அதுவே.

அதற்கு முன் அந்த மண்ணில் என்ன மாறிக்கொண்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கலவரம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. தேநீர்க் கடையில் நம் மக்களுக்குத் தனிக்குவளை. ஊரார் வீட்டு நன்மை தீமைகளுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டும். தோளில் துண்டு போடக் கூடாது. இவற்றையெல்லாம் ஏற்று நூற்றாண்டுகள் கழித்த மக்களிடையே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்திற்குச் சென்று திரும்பிய ஒரு தலைமுறை தோன்றியது. முதுகுளத்தூர் வட்டம் செல்லூரில் 1924 அக்டோபர் 9ஆம் நாள் பிறந்த இம்மானுவேல் சேகரன் அத்தலைமுறையைச் சேர்ந்தவர். ஆசிரியரின் மகன். இராணுவத்தில் அவில்தாராக இருந்தவர். எல்லையில் எவருடனும் தோளோடு தோள் நின்ற ஒருவர், ஊர் திரும்பித் தனிக்குவளையில் தேநீர் அருந்துவாரா? ஒடுக்கப்பட்டோர் இளைஞர் இயக்கத்தைக் கட்டி, இரட்டைக் குவளையை எதிர்த்து மாநாடுகள் நடத்தினார். காங்கிரசோடு நின்றார்.

காங்கிரசோடு நின்றார் என்பது கதையின் மறுபாதி. அன்று முதலமைச்சர் காமராசர். அவருக்கும் தேவருக்கும் இடையிலான அரசியல் பகை ஊரறிந்தது. அத்தொகுதியில் மறவர்கள் பெரும்பாலும் பார்வர்டு பிளாக்கின் பக்கம்; நாடார்களும் நம் மக்களும் பெரும்பாலும் காங்கிரசின் பக்கம். வாக்குச் சீட்டு வந்தபின், நேற்றுவரை கைகட்டி நின்றவனின் ஒரு வாக்கும் மிராசுதாரின் ஒரு வாக்கும் ஒரே எடையுடையவை ஆயின. இதுவே பலருக்குப் பொறுக்கவில்லை. அதே வேளையில், நம் மக்களின் சினத்தைத் தேர்தல் காலத்தில் விசிறிவிட்டு, தேர்தல் முடிந்தபின் அவர்களுடைய குடிசைகளைக் காக்கத் தவறிய ஆளுங்கட்சியின் பங்கையும் நாம் மறைக்கலாகாது.

தேவர் நாடாளுமன்ற இடத்தை வைத்துக்கொண்டு சட்டமன்ற இடத்தைத் துறந்தமையால் 1957 ஜூலைத் தொடக்கத்தில் முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் நடந்தது. பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார். அதன்பின் ஊர்தோறும் சண்டைகள் மூண்டன. வாக்களித்ததற்காக அடி, அடிக்கு எதிரடி, பின்னர்த் தீவைப்பு. நிலைமை முற்றவே, மாவட்ட ஆட்சியர் பணிக்கர் செப்டம்பர் 10ஆம் நாள் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். மறவர், நாடார், தேவேந்திரர் ஆகிய மூவர் சார்பிலும் தலைவர்கள் அழைக்கப்பட்டனர். தேவர் வந்தார். இம்மானுவேல் சேகரனும் வந்தார்.

அம்மேசையைச் சுற்றி நடந்த உரையாடலை இன்று இருதரப்பாரும் நாடகம்போல் நடித்துக் காட்டுகின்றனர். யார் காலின்மேல் கால் போட்டார், யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார் என்பதற்கு ஊருக்கொரு வசனம் உண்டு. மேடைப் பேச்சாளர் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒருவரி சேர்த்துவிடுகின்றனர். நாம் அவற்றில் நுழையவில்லை. நமக்கு வேண்டியது ஒரு செய்திதான். அமைதிக்கான வேண்டுகோளில் அனைவரும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும் என்பது ஏற்பாடு. இம்மானுவேலைத் தமக்கு நிகரான தலைவராகக் கொண்டு கூட்டாக ஒப்பமிடத் தேவர் இசையவில்லை. தனித்தனி அறிக்கை என்றே முடிந்தது.

மறுநாள், 1957 செப்டம்பர் 11ஆம் நாள், பாரதி நினைவுநாள். இரவில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு 33 வயது நிறைய இன்னும் ஏறத்தாழ ஒரு திங்கள் இருந்தது.

14ஆம் நாள் கீழத்தூவலில் மறவர் ஐவரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். தற்காப்புக்காகச் சுட்டதாக அரசு கூறிற்று. பிடித்துவைத்துச் சுட்டதாக ஊரார் குற்றஞ்சாட்டினர். அதன்பின் தீ எங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நம் மக்களுடைய குடிசைகளே. செப்டம்பர் 28ஆம் நாள் மதுரையில் தேவர் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்க் கைதானார். பின்னர் இம்மானுவேல் கொலை வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். அவரைக் கைது செய்த அமைச்சரவையில், 18 ஆண்டுகளுக்கு முன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த அதே கக்கன் அமைச்சராக வீற்றிருந்தார். பெரியார் அரசின் நடவடிக்கையை ஆதரித்தார். புதுக்கோட்டையில் நடந்த தனி நீதிமன்ற விசாரணையின் முடிவில், 1959 ஜனவரியில் தேவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

இத்தீர்ப்பை நாம் எவ்வாறு ஏற்பது? நம் இளைஞர்களுள் சிலர் இதனைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அது தவறு. அரசே வழக்குத் தொடுத்தது. அவ்வரசு அவருக்குப் பகை அரசு. ஆயினும் நீதிமன்றம் விடுவித்தது. சட்டத்தின் துணையை வேறெவரையும்விட மிகுதியாக நாடி நிற்கும் சமூகம் நாம். வன்கொடுமைச் சட்டம் வேண்டும், ஆனால் நமக்கு உவப்பில்லாத தீர்ப்பு வேண்டாம் என்று நாம் சொல்லலாகாது. கொலைக்கு அவர் காரணர் என்று மேடையில் முழங்குவது வரலாறும் ஆகாது, அறமும் ஆகாது. அங்ஙனமே கீழத்தூவலின் ஐவரையும் நாம் பேச வேண்டும். 2011 செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில், இம்மானுவேல் நினைவுநாளன்றே, போலீசார் சுட்டதில் நம் பிள்ளைகள் மாண்டனர். அதற்காக அழும் கண்கள் 1957இன் ஐவருக்காக ஏன் கலங்கக் கூடாது?

ஆனால், நீதிமன்றம் விடுவித்ததனாலேயே தலைவரின் கணக்கு முடிந்துவிடுமா? நீதிமன்றம் கேட்கும் வினா ஒன்று. வரலாறு கேட்கும் வினா மற்றொன்று. இவர் கொல்லச் சொன்னாரா என்பது நீதிமன்றத்தின் வினா. தம் ஒரு சொல்லுக்கு ஆயிரம் ஊர்கள் கட்டுப்படும் என்று அறிந்த ஒருவர், அச்சொல்லை எந்த நாளில் எதற்காகச் செலவிட்டார் என்பது வரலாற்றின் வினா.

இங்கே வங்காளத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். உசேன் சாகித் சுக்ரவர்த்தி என்பவர் 1946இல் வங்காள மாகாணத்தின் முதலமைச்சர். முஸ்லிம் லீக் கட்சியினர். அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நேரடி நடவடிக்கை நாளன்று கல்கத்தாவில் மூண்ட படுகொலையில் இரு சமயத்தவரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பழி பெரும்பாலும் அவர்மீது விழுந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் காந்தியடிகள் கல்கத்தாவுக்கு வந்தபோது, பெலியகட்டாப் பகுதியில் ஒரு பாழடைந்த மாளிகையில் சுக்ரவர்த்தியைத் தம்முடன் ஒரே கூரையின்கீழ்த் தங்கச் செய்தார். சினமுற்ற கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. சென்ற ஆண்டுப் படுகொலைக்கு நீர்தாமே பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். முதலில் அனைவரும் பொறுப்பு என்று மழுப்பிய சுக்ரவர்த்தி, மீண்டும் அழுத்திக் கேட்டபோது, தம் பொறுப்பே என்று கூட்டத்தின் முன் ஒப்பினார். கூட்டம் அடங்கியது. அவரை உத்தமர் என்று நாம் கூறவில்லை. அவரிடம் குறைகள் பல. ஆயினும் எரியும் நகரில், தம் எதிரியின் அருகில் அமரவும், கூட்டத்தின் முன் தலைகுனியவும் அவரால் இயன்றது. (1957இல் முதுகுளத்தூர் எரிந்தபோது அவர் பாகிஸ்தானின் பிரதமராக இருந்தார் என்பதும், தேவர் மறைந்த அதே 1963ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார் என்பதும் காலத்தின் விந்தைகள்.)

தேவருக்கு அத்தகைய ஒரு நாள் வாய்த்தது. அதுவே 1957 செப்டம்பர் 10. அவர் சாதித் தலைவராக அன்று, கட்சித் தலைவராக வந்தார். ஆகவே ஒரு சாதியின் பிரதிநிதியோடு சேர்ந்து ஒப்பமிட மறுத்தார் என்று அவர் பற்றாளர் வாதிடுவர். இவ்வாதத்தைத் தள்ளிவிடாமல் எண்ணிப் பார்ப்போம். அனைவருக்கும் தலைவர் என்றால், எரிந்த குடிசைக்காரனுக்கும் தலைவர் அல்லவா? அவன் பெயரால் வந்தவனோடு ஒப்பமிடுவதில் பிறரைவிட அவரன்றோ முந்தியிருக்க வேண்டும்? கோயிலுக்குள் நம் மக்கள் நுழைவதை ஆதரித்தவர் என்று போற்றப்படும் அவர், ஒரு தாளில் நம் ஒருவருடைய பெயரின் அருகில் தம் பெயர் அமைவதை ஏற்கவில்லை. நமக்குத் தோன்றுவது இது: நம்மீது இரக்கம் கொள்ள அவரால் இயன்றது, நம்மை நிகராகக் கொள்ள இயலவில்லை. ஆலயத்தில் நுழைந்தவர்கள் பிறர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல நுழைந்தனர். இம்மானுவேலை எவரும் கைப்பிடித்து அழைத்து வரவில்லை. அவர் தாமே நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்தார். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் தேவரின் 1939ஐயும் 1957ஐயும் ஒரே மனிதரின் செயல்களாகக் காண்பதில் இடர்ப்பாடு இல்லை.

இது தேவர் ஒருவரின் குறையன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய சீர்திருத்தத் தலைவர்களுள் மிகப் பலர் இவ்வாறே இருந்தனர். ஹரிஜன சேவை செய்தவர்கள், ஹரிஜனன் ஒருவன் தம்மோடு வாதிட்டபோது புண்பட்டனர். பூனாவில் 1932இல் அண்ணல் அம்பேத்கருக்கு நேர்ந்த நெருக்கடியை வேறு எவ்வாறு விளக்குவது? ரேகைச் சட்டத்தால் இழிவுபட்டவரிடம் நாம் இன்னும் சற்று எதிர்பார்த்தோம், அவ்வளவே.

அவர் மறைந்தபின் மனிதரைச் சிலையாக்கும் வேலை தொடங்கியது. 1974இல் கோரிப்பாளையத்தில் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அவர் சிலையைத் திறந்தார். 1985இல் ஒரு மாவட்டத்திற்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. 2002இல் நாடாளுமன்ற வளாகத்திலும் சிலை அமைந்தது. இம்மானுவேலுக்கு அஞ்சல் தலை வரவே 2010 ஆயிற்று. அரசு மணிமண்டபம் என்ற அறிவிப்பு 2023இல்தான் வந்தது. இடையில் 1997இல், நம் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்திற்குச் சூட்டியபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சிலர் கிளம்பினர். தென் மாவட்டங்கள் எரிந்தன. முடிவில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் நீக்கியது. அதே ஆண்டு ஜூன் இறுதியில்தான், நம் மேலூர் வட்டத்து மேலவளவில், ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் அறுவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் நம்மவர் தலைவராக அமர 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒவ்வொன்றிலும் சிக்கல் நாற்காலியைப் பற்றியதுதான்.

இன்று பள்ளிகளில் நாம் காண்பது வண்ணக் கயிறுகளை. இந்த நிறம் இன்னார், அந்த நிறம் இன்னார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிகிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நம் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தோரே வீடு புகுந்து வெட்டியபின், நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024இல் அறிக்கையும் தந்தது. கயிற்றை அறுக்கச் சொல்வது எளிது. கயிறு கட்டிய பிள்ளையிடம் அவன் சட்டைப்பையில் உள்ள படத்துக்கு உரியவர் யார் என்று கேட்டால் விடை வருவதில்லை. தேவர் படம் வைத்திருப்பவனுக்கு ரேகைச் சட்டம் தெரியாது, பெருங்காமநல்லூர் தெரியாது. இம்மானுவேல் படம் வைத்திருப்பவனுக்கு இரட்டைக் குவளை மாநாடுகள் தெரியா. அவர் வாழ்ந்ததும் தெரியாது, வெட்டப்பட்டது மட்டும் தெரியும். இருவருக்கும் எதிரியின் பெயர் தெரியும்.

நம் சங்கத்து மாலைப் பாட நிலையத்தில் பயிலும் பிள்ளைகளுக்காக இதனை எழுதினோம். செப்டம்பர் 11க்கும் அக்டோபர் 30க்கும் இடையே 49 நாட்கள். ஆண்டுதோறும் இந்நாட்களையொட்டி இராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது. வாகனங்களுக்கு வழித்தடம் குறிக்கப்படுகிறது. மதுரையிலிருந்தும் காவலர்கள் செல்கின்றனர். காலாண்டுத் தேர்வும் அந்த 49 நாட்களுக்குள்தான் வருகிறது.